துரைக்குச் சூடு பத்தவில்லை

துரை கண்ணாடிக்கு உள்ளே இருந்தான். நக்கிய தடம் வெளிப்பக்கம் இருந்தது.

பல்லக்கா தேநீர்க் குவளையோடு அப்படியே நின்றாள். காலையில் எழுந்ததும் துரையின் கண்ணாடிப் பெட்டிக்குள் தண்ணீர் தெளிப்பது வழக்கம். உள்ளே இலைகளின் மேல் அடிக்கும்போது கொஞ்சம் சாரல் வெளிக்கண்ணாடியிலும் படியும், தானாகக் காயும், அதை யாரும் கண்டுகொள்வதில்லை. இன்று அந்தச் சாரலின் நடுவே, கீழிருந்து மேல்வரை, ஒரு பட்டை மட்டும் துடைத்தாற்போல் தெளிவாக இருந்தது. துணியால் துடைத்திருந்தால் ஓரம் இப்படி இராது. இரண்டு ஓரங்களிலும் மெல்லிய எச்சில் கோடு மினுங்க, ஒரே இழுப்பில், நிதானமாக மேலே போன பட்டை. துரையின் நாக்கு ஓர் அரிசி மணி அகலம். இந்தப் பட்டை அவள் உள்ளங்கை அகலம்.

"ஸ்வெட்டர் கை பட்டிருக்கும்," என்று வாய்விட்டே சொன்னாள். தனியாக இருக்கிறவர்கள் வாய்விட்டுத்தான் பேசிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் குரல் துருப்பிடித்துவிடும்.

தொலைபேசி அடித்தது. அண்ணன்.

"பாப்பா, எழுந்துட்டியா?"

ஐம்பதைத் தாண்டியவளைப் பாப்பா என்று கூப்பிடுகிற ஒரே ஆள்.

"எழுந்து, குளிச்சு, துரைக்கும் தண்ணி காட்டியாச்சு."

"குரல் ஒரு மாதிரி இருக்கே."

"காலங்காத்தால எல்லாருக்கும் ஒரு மாதிரிதான் இருக்கும்ணா."

"அதுக்கில்ல. உங்க அண்ணி பின் ரூமைப் பெருக்கித் தொடச்சு வச்சிருக்கா. வந்துடேன். அந்தப் பல்லியை யாருக்காவது குடுத்துட்டு..."

"பல்லியைக் குடுக்கணும். அப்புறம் என் மேஜையைக் குடுக்கணும். அப்புறம் என் வாயைக் குடுக்கணும். வேற?"

"உன் வாயை யாரு வாங்குவா?"

சிரித்துவிட்டு வைத்தாள். கண்ணாடியைப் பற்றிச் சொல்லவில்லை. புருஷன் செத்த பிறகு அண்ணன் ஒரு காரணத்துக்காகக் காத்திருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். பாசத்தில்தான் காத்திருக்கிறான், ஆனால் காத்திருக்கிறான். முன்பு ஒருமுறை கொதிக்கிற மெழுகு கையில் பட்டது என்று வாய் தவறிச் சொன்னதற்கு, மதியமே காலி அட்டைப்பெட்டிகளோடு வேனில் வந்து நின்றான். அன்று அவனைத் திருப்பி அனுப்பப் பட்ட பாடு போதும். இப்போது போய், வீட்டில் எதுவோ கண்ணாடியை நக்குகிறது என்றால்? வாயைத் திறந்தால் வீடு போகும்.

அவள் பல்செட் செய்கிறவள். பல் டாக்டர்கள் அனுப்புகிற வாய் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி, ரோஜா நிற மெழுகில் பல் வரிசை அடுக்கி, முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் சிரிப்பு செய்து அனுப்புவாள். அதனால் பல்லக்கா. துரை வந்த பிறகு, பல்லக்கா வீட்டில் பல்லி என்று மாடிப்படியெல்லாம் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அந்தச் சிரிப்பில் பாதி நான் செய்து கொடுத்தது என்பாள்.

புருஷன் போன பிறகு இந்த வீட்டுக்குள் வந்த ஒரே ஆண்பிள்ளை துரை. விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூட. தளிரிலைப் பச்சை. முதுகில், யாரோ தூரிகையை உதறினது போலச் சிவப்புச் சொட்டுகள். கண்ணைச் சுற்றி நீல வளையம். வால் நுனிக்குப் போகப் போகப் பச்சையும் நீலமாகக் கரையும். சுவரில் ஓடுகிற சாதாரணப் பல்லிக்கு ராத்திரி உத்தியோகம், இவன் பகல் ஆள். விளக்கு எரிந்தால் எழுவான், அணைந்தால் மூங்கில் குழாய்க்குள் ஏறிப் படுப்பான். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் ஐயா குடிக்க மாட்டார், இலையில் சொட்டாக நின்றால்தான் நக்குவார். சிள்வண்டுகளைச் சுண்ணாம்புச்சத்துப் பொடியில் புரட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் எலும்பு வளையும். நடுநடுவே ஒரு மூடியில் பழக்கூழ். கையால் மட்டும் பிடிக்கவே கூடாது. பிடித்தால் தோல் நனைந்த காகிதம் போலக் கிழிந்து கையோடு வந்துவிடும். தோல் உரிக்கிற நாளில் உரித்த தோலைத் தானே தின்றுவிடுவான், சாட்சி வைக்காத ஆள். கண்ணுக்கு இமை கிடையாது.

எல்லாவற்றையும்விட நிறம் முக்கியம். பல்லி வளர்க்கிறவர்கள் காலையில் முதலில் பார்ப்பது அதைத்தான். பளிச்சென்று பச்சையாக இருந்தால் சுகம். மங்கிக் கறுத்தால் குளிர். அந்த வாரம் முழுக்கத் துரை பாசி பிடித்த கல் மாதிரி கறுத்துக் கிடந்தான்.

வெளியே குளிர்காலம். வேறென்ன நினைப்பாள்? சூடு பத்தவில்லை என்று இன்னொரு விளக்கு போட்டாள். அதுவும் பத்தவில்லை என்று பெட்டிக்கு வெளியே, மேஜைப் பக்கம் பார்த்தபடி, கோழிக்குஞ்சுக்குப் போடுகிற பெரிய சிவப்பு விளக்கு ஒன்றையும் மாட்டினாள். ஜன்னல்களை இறுகச் சாத்தினாள். கதவின் அடியில் பழைய போர்வையைச் சுருட்டி அடைத்தாள். காலை, மதியம், மாலை என்று தண்ணீர் தெளித்தாள். அறை, மழை விட்ட காட்டுக்குள் நடக்கிற மாதிரி புழுங்கியது. மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து படிந்து, பல் அடுக்கும்போது துடைத்துத் துடைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு நன்மை, குளிரில் கல்லாகிப்போகிற மெழுகு அந்தச் சிவப்பு விளக்கின் கீழே வைத்தால் பதமாக இருந்தது.

"எங்க அண்ணன் வீட்டுல எனக்கு இடம் உண்டு. உனக்குக் கிடையாது," என்று துரையிடம் சொன்னாள். "அதனால மரியாதையா பச்சையாகு."

அவன் மூங்கிலோடு மூங்கிலாக ஒட்டிக்கொண்டு, தலையை ஒருபக்கம் சாய்த்து, மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு வாடை வந்தது. முதலில் ஈரமண் வாடை, தொட்டிச் செடிதான் என்று விட்டுவிட்டாள். அடுத்த நாள் அதற்குள்ளிருந்து இன்னொன்று மெல்லத் தலைதூக்கியது, இனிப்பாக, வெதுவெதுப்பாக, நெடுநேரம் மூடியிருந்து அப்போதுதான் திறந்த ஒன்றின் வாடை. அது என்ன வாடை என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பழைய பல்செட்டுகளைச் சரிபார்க்க அனுப்புவார்களே, அந்தப் பொட்டலத்தைப் பிரித்ததும் வருவது. வாய் வாடை.

சிள்வண்டுப் பெட்டி காலியாக இருந்ததும் அன்றுதான். மூடி திறந்திருந்தால் தப்பித்துவிட்டன என்று நினைக்கலாம். மூடி திருகி மூடியிருந்தது, அவள் மூடுவதைவிட இறுக்கமாக. உள்ளே ஒரு கால், ஒரு மீசை கூட மிச்சமில்லை. பூச்சிகள் ஒளிந்துகொள்ள வைத்த முட்டை அட்டை ஊறிப்போய், குழிக்குக் குழி நக்கிச் சுத்தமாக்கினது போல் இருந்தது.

கடைக்காரருக்குப் போன் செய்தாள். துரையை அவளுக்கு விற்றவர். பல்லிக்கும் பாம்புக்கும் ஆமைக்கும் நடுவே வியாபாரம் செய்கிறவர்.

"கறுத்தே கிடக்கான் தம்பி. விளக்குக்கு மேல விளக்கு போட்டாச்சு."

"எவ்வளவு நாளாக்கா?"

"ஒரு வாரம் ஆச்சு. அறையே அடுப்பு மாதிரி இருக்கு."

"அவ்வளவு சூட்டுலயும் கறுப்புன்னா அது குளிர் இல்லக்கா. பயம். ரூம்ல பூனை கீனை வருதா? பெட்டிக்குப் பக்கத்துல புதுசா எதாவது வச்சீங்களா?"

"ஒண்ணும் வைக்கலையே."

"அது எந்தப் பக்கம் பாத்துட்டு இருக்குன்னு பாருங்க. அங்கதான் இருக்கும். கண்ணை மூடத் தெரியாத ஜீவன்க்கா. பாக்க வேண்டாம்னு நினைச்சாலும் பாத்துக்கிட்டேதான் இருக்கும், பாவம்."

போனை வைத்துவிட்டுத் துரையைப் பார்த்தாள். துரை பார்த்த பக்கம் பார்த்தாள்.

நட்ட நடுப்பகல். விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. சீலிங் முழுக்கப் புழுக்கத்தில் நீர்முத்துகள் கோத்து நின்றன, ஆயிரக்கணக்கில், ஒவ்வொன்றிலும் விளக்கு ஒரு புள்ளியாக மின்னியது. சிவப்பு விளக்குக்கு நேர் மேலே மட்டும் முத்துகள் இல்லை. சுண்ணாம்பு அடித்த அதே வெள்ளை, அதே சொரசொரப்பு, அதே கீறல்கூட. ஆனால் முத்து இல்லை. அந்த இல்லாத இடம் நீளமாக இருந்தது. ஓர் ஆள் கையை நீட்டிப் படுத்தால் வருகிற நீளம், அதற்கப்புறமும் கொஞ்சம். ஓரங்களில் ஐந்தைந்தாகப் பிரிந்திருந்தது.

அவள் பார்வையை இறக்கினாள். தேநீர்க் குவளையைக் கழுவினாள். இரண்டாம் முறையும் கழுவினாள். திரும்பி வந்து பார்த்தபோது அந்த இடமெல்லாம் முத்து கோத்திருந்தது. இப்போது முத்து இல்லாத இடம் அவள் நாற்காலிக்கு மேலே இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. துரைக்கென்று போட்ட சூடு. துரைக்கென்று தெளித்த தண்ணீர். துரைக்கென்று பொடியில் புரட்டிய பூச்சி. இத்தனை நாளாக யாரை வளர்த்துக்கொண்டிருந்தோம்?

ஓடியிருக்கலாம். கதவு பக்கத்தில்தான். மாடிப்படி இறங்கி, அண்ணனைக் கூப்பிட்டு, பின் ரூமில் போய்ப் படுத்து, ஆயுசுக்கும் அண்ணி கையால் தேநீர் வாங்கிக் குடித்துக்கொண்டு, பாப்பாவுக்குத் தனியாக இருந்து புத்தி கலங்கிவிட்டது என்று அடுத்த அறையில் பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டு கிடக்கலாம். அதை நினைத்ததும் பயத்துக்கு அடியிலிருந்து ஒரு கோபம் ஏறியது.

"இங்க நான் முன்னாடி வந்தவ," என்று சீலிங்கைப் பார்க்காமல் சொன்னாள். "பின்னாடி வந்தவங்க முதல்ல கிளம்பட்டும்."

மேலே ஏதோ நகர்ந்தது. ஒட்டியிருந்த ஈரத்தாள் ஒவ்வொரு விரலாகப் பிரிகிற சத்தம்.

எதிரி யார் என்று தெரியாமல் அவளுக்குச் சண்டை போடத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே ஒரு வழிதான் அவள் கைவசம் இருந்தது. மெழுகை லாடம் போல் வளைத்து, அதன் மேல் துரையின் பழக்கூழைத் தடவி, சிவப்பு விளக்கின் கீழே வைத்துவிட்டு, அடுத்த அறைக்குப் போய் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். புதிதாக வந்த நோயாளிக்குக் கடி அச்சு எடுக்கிற மாதிரி.

சத்தமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

திரும்பி வந்தபோது பழக்கூழ் இல்லை. மெழுகில் கடி இருந்தது.

பிளாஸ்டரைக் கலக்கும்போது கை நடுங்கவில்லை, அந்த வேலைக்கு அவள் கை எப்போதும் நடுங்கியதில்லை. ஊற்றினாள். இறுகவிட்டாள். சூடு தணியும் முன்பே மெழுகை உரித்து, வெள்ளை அச்சை உள்ளங்கையில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள்.

தாடையின் வளைவு மனிதருடையது. அதில் சந்தேகமில்லை, இத்தனை வருஷத்தில் அவள் பார்க்காத தாடையா? பற்கள்தான் வேறு. கடைவாய்ப்பல் கிடையாது, கோரைப்பல் கிடையாது. எல்லாம் ஒரே அளவில், ஊசி முனையாக, சீப்பு மாதிரி நெருக்கமாக. அதற்குப் பின்னால், முளைக்கக் காத்திருக்கிற இன்னொரு வரிசை. அதற்குப் பின்னால் இன்னொன்று. விழ விழ முளைக்கும். இந்த வாய்க்குப் பல்செட் ஒருநாளும் தேவைப்படாது.

அச்சை மேஜை நடுவில் வைத்தாள், மேலே இருப்பதற்குத் தெரிகிற மாதிரி.

"பாத்துக்கோ. உன் பல்லைப் பிடிச்சுப் பாத்தாச்சு."

தொலைபேசி அடித்தது.

"பாப்பா, ரெண்டு தடவை அடிச்சேன், எடுக்கல."

"வேலையா இருக்கேண்ணா."

"யாரு வந்திருக்கா?"

"யாரும் வரல."

"மூச்சு வாங்கற சத்தம் கேக்குதே."

"என் மூச்சுதான். மாடிப்படி ஏறி வந்தேன்."

அண்ணன் மெல்லிய குரலில் சொன்னான்: "நீ பேசிட்டு இருக்கும்போதும் கேட்டுதே பாப்பா."

அவள் வைத்துவிட்டாள். அவன் கிளம்பிவிடுவான். வேனில் வருவான். அவன் வருவதற்குள் இதை வெளியேற்றியாக வேண்டும்.

சூடுதானே வேண்டும் அதற்கு? சூடு கிடையாது.

முதலில் துரை. அவனைத் தொடாமல், மூங்கில் குழாயோடு தூக்கிச் சின்னப் பயணப் பெட்டிக்குள் இறக்கினாள். அவன் குளிரில் செத்துவிடக்கூடாது. பெட்டியை மடியில் வைத்து, மேலே கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டாள், கோழி முட்டையை அடைகாக்கிற மாதிரி. பிறகு எழுந்து, பெட்டியை அணைத்தபடியே, ஒவ்வொரு விளக்காக அணைத்தாள். ஜன்னல்களை எல்லாம் விரியத் திறந்தாள். அந்திக் குளிர் தண்ணீர் மாதிரி உள்ளே கொட்டியது. சீலிங்கின் முத்துகள் சொட்டத் தொடங்கின. அணைந்த விளக்குகள் டிக் டிக்கென்று சுருங்கின.

"ஜன்னல் திறந்திருக்கு," என்றாள். "நல்லபடியா போயிடு."

நாற்காலியில் உட்கார்ந்தாள். கதவைப் பார்த்தபடி. வெளிச்சம் சாம்பல் நிறமாகி, மேஜை மேலிருந்த அச்சு மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. மூச்சு புகையாக வந்தது. பிளாஸ்டர் குளிர்ந்தது. சிவப்பு விளக்கு குளிர்ந்தது. சுவர் குளிர்ந்தது.

எல்லாம் குளிர்ந்த பிறகு இந்த அறையில் சூடாக என்ன மிச்சமிருக்கும் என்று அவள் யோசித்திருக்கவில்லை.

இப்போது யோசித்தாள்.

மேலே ஒரு விரல் பிரிந்தது. ஒட்டியது. இன்னொன்று.

சுவர் வழியாக இறங்கியது. அவசரமில்லை.

நாற்காலியின் முதுகு முனகியது. அந்த வாடை பிடரியில் பட்டது.

அவள் எழவில்லை. எழுந்து ஓடினால் பெட்டி நழுவும். பெட்டிக்குள் ஒரு விரல் நீளச் சூடு இருக்கிறது. அவள் போனால் அடுத்தது அது. அதற்கடுத்து, மாடிப்படி ஏறி வருகிற அண்ணன்.

தோளின் மேல் ஏதோ படிந்தது. ஈரமாக. கனமாக. விரல்கள். நுனியில் அகன்று, தட்டையாக, சால்வையோடு சால்வையாக ஒட்டிக்கொள்கிற விரல்கள். சால்வையின் கட்டமும் நூலும் அவற்றின் தோலிலேயே மெல்ல எழும்பி வந்தன. ஒரு விரல் மட்டும் நீண்டு, மடியில் இருந்த பெட்டியின் மூடியைத் தொட்டது. உள்ளே துரை ஒருமுறை துள்ளினான்.

அவள் அந்த விரலைப் பிடித்தாள். அது குளிர்ந்திருந்தது, பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊறிய துணி போல.

"இவன் மேல கை வைக்காத," என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. "என்னை வச்சுக்கோ. இவன் கிடையாது."

கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை.

விரல் பின்வாங்கியது.

பிறகு பாரம் முழுவதும் இறங்கியது. முதுகில். இடுப்பைச் சுற்றி. தலை உச்சியில் ஒரு தாடை, நிதானமாக, தலையணையில் சாய்கிற மாதிரி.

படியில் காலடிச் சத்தம். கதவு தட்டும் சத்தம்.

"பாப்பா. கதவைத் திற."

"நல்லாத்தான் இருக்கேன்ணா. நீ போ."

"பெட்டியெல்லாம் கொண்டு வந்திருக்கேன். இன்னைக்கு உன்னை இங்க விட்டுட்டுப் போக மாட்டேன்."

"நான் வரல. இது என் வீடு. எத்தனை தடவை சொல்றது?"

புருஷனின் காரியத்தன்று வாங்கிவைத்த மாற்றுச் சாவி அவனிடம் இருந்தது. அது துளைக்குள் நுழைவது கேட்டது. சுருட்டிய போர்வையைத் தள்ளிக்கொண்டு கதவு திறந்தது. அண்ணன், மடித்த அட்டைப்பெட்டிகள் கக்கத்தில், மாடிப்படி விளக்கு முதுகில் விழ, நின்றான்.

"என்ன பாப்பா, இருட்டுல..."

அவன் பார்வை முதலில் அவள் முகத்தில் நின்றது. பிறகு நெற்றிக்கு ஏறியது. நெற்றிக்கு மேலே ஏறி, அங்கே நின்றது. பிறகு இரண்டு தோள்களுக்கும் பரவி, நாற்காலியின் பின்னால் இறங்கி, தரையோடு போய், எதிர்ச் சுவரில் ஏறி, இன்னும் ஏறி, திறந்த ஜன்னல்வரை போனது. அட்டைப்பெட்டிகள் ஒவ்வொன்றாக வழுக்கிக் கீழே விழுந்தன. அவன் வாய் திறந்திருந்தது.

அண்ணன் அவ்வளவு வயதானவனாக அவளுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. அவனைப் பார்த்துப் பரிதாபமாக இருந்தது. ஆனாலும் குரலை இளக விடவில்லை. தலையை அசைக்காமல், மடியிலிருந்த பெட்டியை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு சொன்னாள்:

"ஜன்னலையும் கதவையும் சாத்திட்டுப் போண்ணா. எங்களுக்குக் குளிருது."

அவன் ஜன்னல்பக்கம் வரவில்லை. கதவை மட்டும் மெதுவாக இழுத்துச் சாத்தினான். சாவி வெளியிலிருந்து திரும்பியது. காலடிகள் படியில் தடுமாறி இறங்கிப் போயின.

இனி யாரும் அவளைக் கூப்பிட வரமாட்டார்கள். வீடு அவளுடையது. இருட்டில், அவள் மார்பின் மேல் கோத்திருந்த நீண்ட விரல்கள் ஒவ்வொன்றாக எழும்பி, இடம் மாறி, இன்னும் சூடான இடம் பார்த்துப் படிந்துகொண்டன.